நோவா இட்ட சாபம்

குடித்தவர் ஒருவர், குடித்துக் கிடந்தவரைக் கண்டவன் மற்றொருவன், சாபம் பெற்றவனோ இருவருமல்லாத மூன்றாமவன். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்று நம் நாட்டார் சொல்வர். அந்தப் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது அரிது. எங்கோ ஒரு மூலையில் கரையானுக்கு இரையாகிக் கிடக்கும் ஏட்டில் உள்ள கதையன்று இது. கோடானுகோடி மக்கள் கண்களில் ஒற்றிக்கொண்டு ஓதும் விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்தில், ஒன்பதாம் அதிகாரத்தில், எட்டே வசனங்களில் அடங்கிவிட்ட கதை.

ஊழிப் பெருவெள்ளம் வடிந்தது. பேழையிலிருந்து இறங்கிய நோவா நிலத்தைப் பண்படுத்தித் திராட்சைத் தோட்டம் வைத்தார். பழம் பழுத்தது, சாறு புளித்தது, கிழவர் அளவின்றிக் குடித்தார், கூடாரத்துக்குள் ஆடை விலகிக் கிடந்தார். அவருக்கு மக்கள் மூவர்: சேம், காம், யாப்பேத். அவர்களுள் காம் என்பான் தந்தையின் கோலத்தைக் கண்டான். வெளியே வந்து உடன்பிறந்தார் இருவரிடமும் சொன்னான். அவ்விருவரும் ஓர் ஆடையைத் தோளில் தாங்கி, முகத்தைத் திருப்பியவாறே பின்புறமாக நடந்து சென்று தந்தையின் மானத்தை மூடினர். மயக்கம் தெளிந்து எழுந்த நோவா நடந்ததை அறிந்தார், சினந்தார், சபித்தார். யாரை? கண்டவனாகிய காமையா? இல்லை. காமின் மகன் கானானை! தன் உறவினர்க்கு அடிமைகளிலும் கடைப்பட்ட அடிமையாக அவன் உழல வேண்டும் என்பது சாபத்தின் பொருள். அந்தப் பிள்ளை செய்த குற்றம் யாது? ஏடு சொல்லவில்லை. கூடாரத்தின் பக்கம் அவன் வந்தான் என்றுகூடச் சொல்லவில்லை.

ஏடு சொல்லாதது இன்னும் உண்டு. கறுப்பு நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. ஆப்பிரிக்காவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த அதிகாரத்தில் காமின் மக்கள் நால்வர் பெயர் வருகிறது: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். இவர்களுள் கூஷ் என்னும் பெயரே எகிப்துக்குத் தெற்கே வாழ்ந்த கறுப்பு மக்களின் நாட்டைக் குறிப்பது. சாபம் கூஷைத் தொடவேயில்லை. தொட்டது கானானை. கானானியர் எனப்பட்டோர் பாலஸ்தீன மண்ணில் வாழ்ந்தவர். அவர்தம் நிலத்தைத் தமக்கு ஆண்டவன் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டவர் இஸ்ரவேலர். நிலத்தைக் கொண்டவன் எழுதிய நூலில், நிலத்தை இழந்தவனின் பாட்டன் சபிக்கப்பட்டவனாக இருப்பதில் வியப்பென்ன என்று கேட்கின்றனர் விவிலிய ஆராய்ச்சியாளர் பலர். அக்கேள்வி நமக்கும் நியாயமாகவே படுகிறது.

ஆயினும் நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது நோவாவின் குடும்பச் சண்டையை அன்று. அந்த எட்டு வசனங்கள் மனிதனை மனிதன் சந்தையில் நிறுத்தி விற்பதற்கு உரிமைச் சீட்டாக ஆன வரலாற்றை. கிறித்தவ நண்பர்கள் மனம் புண்பட வேண்டுவதில்லை. இந்த வரலாற்றில் சவுக்கைப் பிடித்தவன் கையிலும் அதே ஏடு இருந்தது. சவுக்கடி பட்டவன் கையிலும் அதே ஏடு இருந்தது.

அடிமை முறை கிறித்தவம் கண்டுபிடித்ததன்று. உரோமப் பேரரசில் அது முன்னரே வேரூன்றி நின்றது. கேள்வி, அதைக் கண்ட திருச்சபை என்ன சொன்னது என்பதே. நான்காம் நூற்றாண்டில் நீசா நகரத்துக் கிரெகோரி என்னும் ஆயர், கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவனுக்கு விலை குறிக்க எவனிடம் பொன் இருக்கிறது என்ற பொருள்பட அடிமை முறையையே கண்டித்துப் பேசினார். அந்தக் குரல் தனிக்குரலாகவே நின்றுவிட்டது. அடுத்த நூற்றாண்டில், அவரினும் செல்வாக்கு மிகுந்த அகுஸ்தீன், தம் 'ஆண்டவன் நகரம்' என்னும் நூலில், அடிமைத்தனம் இயற்கையால் வந்ததன்று, பாவத்தின் கூலியாக வந்தது என்றார். அடிமை என்ற சொல்லே நோவா தன் மகனின் பிழைக்குத் தண்டனை விதித்த இடத்தில்தான் வேதத்தில் முதன்முதல் வருகிறது என்றும் சுட்டினார். இயற்கையன்று என்றவரைப் போற்றலாம். ஆனால் பாவத்தின் கூலி என்றதும் சுமப்பவன் பாவியாகிவிடுகிறான். ஏறி அமர்ந்தவன் ஆண்டவன் தீர்ப்பை நிறைவேற்றுபவனாகிவிடுகிறான். நம் நாட்டில் முற்பிறப்பின் வினை என்று சொல்லி ஒருவனைச் சேரியில் நிறுத்தினார்களே, அந்தச் சூழ்ச்சிக்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிது.

சாபத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசப்பட்டது பின்னர். அரபு வணிகர் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுபோன காலத்தில், காமின் வழியினர் சாபத்தால் கறுத்தனர் என்னும் கதை அந்நாட்டு ஏடுகளில் பரவியது. அதனை மறுத்த அறிஞர் அங்கேயே தோன்றினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 14-ஆம் நூற்றாண்டின் வரலாற்றுப் பேரறிஞர் இப்னு கல்தூன், 1377-இல் எழுதிய தம் 'முகத்திமா'வில், நோவாவின் சாபத்தில் நிறத்தைப் பற்றிய பேச்சே இல்லை, மேனி கறுப்பது வெயிலின் கடுமையால் என்று தெளிவாக எழுதினார். ஏட்டைத் திறந்து பார்த்த ஒருவர் சொன்ன உண்மை அது. திறந்து பார்க்க விரும்பாதவர்க்கு அது எட்டவில்லை.

1444-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8. போர்த்துகல் நாட்டின் தென்கோடியில் உள்ள லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்க மக்கள் கப்பலிலிருந்து இறக்கப்பட்டனர். ஒரு வெளியில் நிறுத்திப் பங்கு பிரித்தனர். தந்தை ஒரு கூட்டத்தில், மகன் ஒரு கூட்டத்தில். தாய் பிள்ளையை மார்பில் அணைத்துத் தரையில் கவிழ்ந்து கிடக்கிறாள். குதிரைமேல் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த இளவரசர் என்றிக்குக்கு ஐந்தில் ஒரு பங்காக 46 உயிர்கள். இதை எழுதி வைத்தவர் சுராரா என்னும் அரசவை வரலாற்றாசிரியர். எழுதும்போது தமக்குக் கண்ணீர் வந்ததாகவும் எழுதினார். கண்ணீரைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கிடைத்த துணி எது தெரியுமா? இவர்கள் ஆன்மா இனி ஈடேறும் என்பது ஒன்று. கறுப்பர் அடிமையாவது வெள்ளத்துக்குப் பின் நோவா இட்ட சாபத்தின்படியே என்பது மற்றொன்று. போப்பாண்டவர் ஐந்தாம் நிக்கோலா 1452-லும் 1455-லும் விடுத்த ஆணைகள், கிறித்தவரல்லாதாரை என்றென்றைக்கும் அடிமைப்படுத்தப் போர்த்துகல் மன்னர்க்கு உரிமை அளித்தன. அந்த ஆணைகளை அடிப்படையாகக் கொண்ட கோட்பாடு தமக்கு உடன்பாடன்று என்று வாத்திகன் எழுத்து மூலம் அறிவித்தது 2023 மார்ச் 30 அன்று. இடையே கழிந்தவை ஐந்நூற்று எழுபது ஆண்டுகள்.

கிறித்தவரல்லாதவனை அடிமையாக்கலாம் என்றால், அவன் கிறித்தவனாகிவிட்டால்? இங்கேதான் நயவஞ்சகம் முட்டுச் சந்தில் வந்து நின்றது. ஆன்மாவை ஈடேற்றவே பிடித்து வந்தோம் என்றவர்கள், ஈடேறிய ஆன்மாவை என்ன செய்வது என்று திகைத்தனர். வர்ஜீனியாவில் எலிசபெத் கீ என்றொரு பெண் இருந்தாள். தாய் ஆப்பிரிக்கப் பெண். தந்தை ஆங்கிலேயர், குடியேற்ற நாட்டின் சட்டமன்ற உறுப்பினர். 1655-இல் அவள் வழக்காடினாள். தந்தை வழியில் நான் ஆங்கிலேயர் மகள். ஞானஸ்நானம் பெற்ற கிறித்தவளுமாவேன். என்னை எவ்வாறு அடிமையென்பீர்? அறமன்றம் தடுமாறிற்று, 1656-இல் அவள் விடுதலை பெற்றாள்.

அவள் திறந்த கதவைச் சட்டசபை அவசர அவசரமாக அடைத்தது. பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று 1662-இல் ஒரு சட்டம். நாடெங்கும் தந்தைவழி உரிமை பேசிய ஆங்கிலேயர், தாம் அடிமைப் பெண்களிடம் பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் தாய்வழி உரிமை பேசினர். ஞானஸ்நானம் ஒருவனுடைய அடிமை நிலையை மாற்றாது என்று 1667-இல் மற்றொரு சட்டம். விண்ணுலகத்தின் கதவைத் திறக்கும் தண்ணீர், புகையிலைக் கொல்லையின் வேலியைத் தாண்டாது என்று மனிதர்கள் கூடி வாக்கெடுத்து முடிவு செய்தனர்!

தென் கரோலினாவில் குருவாக இருந்த லெ ஜோ என்பவரின் நிலை இன்னும் இரக்கத்துக்குரியது. அடிமைகளிடம் கருணை கொண்டவர். பண்ணையார்களின் கொடுமையைக் கண்டித்துக் கடிதம் எழுதியவர். ஆயினும் ஞானஸ்நானம் கேட்டு வந்த அடிமைகளிடம் அவர் முதலில் வாங்கியது ஓர் உறுதிமொழி. எசமானனுக்குச் செலுத்த வேண்டிய பணிவிலிருந்து தப்பும் நோக்கத்தோடு இதைக் கேட்கவில்லை என்று கடவுள் முன்னிலையிலும் சபையார் முன்னிலையிலும் அவர்கள் சொல்ல வேண்டும். சொன்ன பிறகே நீர். 1727-இல் இலண்டன் ஆயர் கிப்சன், கிறித்தவம் தழுவுவதால் சொத்துரிமையில் அணுவளவும் மாற்றம் நேராது என்று தோட்ட முதலாளிகளுக்கு எழுதித் தேறுதல் கூறினார். சொத்து என்று அவர் குறித்தது மனிதரை.

லெ ஜோவை அனுப்பி வைத்தது எஸ்.பி.ஜி. எனச் சுருக்கமாக வழங்கிய ஆங்கிலத் திருச்சபையின் சமயப் பரப்புச் சங்கம், 1701-இல் தொடங்கப்பெற்றது. 1710-இல் இறந்த காட்ரிங்டன் என்னும் செல்வர், மேற்கிந்தியத் தீவாகிய பார்படோசில் தமக்கிருந்த கரும்புத் தோட்டங்களை அடிமைகளோடு சேர்த்து அச்சங்கத்துக்கு எழுதி வைத்தார். சங்கம் ஏற்றுக்கொண்டது. தன் அடிமைகள் ஓடிவிட்டால் அடையாளம் காண வேண்டுமே! மார்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் 'சொசைட்டி' என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டன. ஆண்டவனின் நற்செய்தியைப் பரப்பும் சங்கம். அதன் பெயர் மனிதத் தசையில் தீயால் எழுதப்பட்டது.

தமிழர்களாகிய நாம் இந்த இடத்தை விரைந்து கடந்துவிட இயலாது. ஏனெனில் இதே சங்கம்தான் பின்னாளில் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் சபைகளையும் பள்ளிகளையும் நடத்தியது. 1838-இல் சென்னை வந்து, 1841-இல் இச்சங்கத்தில் சேர்ந்து, இடையன்குடியில் வாழ்நாளைக் கழித்தவர்தான் கால்டுவெல் பெருமகனார். 1856-இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் கொஞ்சமன்று. பார்படோசில் மார்பைச் சுட்ட சங்கமும் இடையன்குடியில் பள்ளி வைத்த சங்கமும் ஒன்றே என்பதை இரண்டில் எதையும் மறைக்காமல் ஏற்க வேண்டியிருக்கிறது. நன்றிக்காகக் கொடுமையை மறப்பது வரலாறாகாது; கொடுமைக்காக நன்றியை மறுப்பதும் அப்படியே. அந்தச் சபைகளுக்குள்ளும் சாதி புகுந்து உட்கார்ந்திருந்ததும், சபையில் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டபோது தஞ்சையிலும் சென்னையிலும் சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்ததும் உண்மையே. கத்தோலிக்கரின் வடக்கன்குளம் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910 வரை இருந்தது. முழுக்கு நீர் வர்ஜீனியாவில் வேலியைத் தாண்டவில்லை. இங்கே சுவரைத் தாண்டவில்லை.

மீண்டும் அமெரிக்காவுக்குச் செல்வோம். சாபக் கதையை மறுத்தவர் இல்லையா? இருந்தனர். 1700-இல் பாசுடன் நகரத்து நீதிபதி சாமுவேல் சூவல், 'யோசேப்பை விற்றது' என்றொரு சிறு வெளியீடு அச்சிட்டார். இவரைச் சற்று அறிய வேண்டும். 1692-இல் சேலம் ஊரில் சூனியக்காரிகள் என்று சொல்லி ஏழைப் பெண்களைத் தூக்கிலிட்ட நீதிபதிகளுள் இவரும் ஒருவர். 1697-இல் சபை நடுவே எழுந்து நின்று, தம் குற்ற அறிக்கையைக் குரு படிக்கக் கேட்டுத் தலைகுனிந்தார். அந்தப் பெண்களின் சாவே அவரை அடிமைகளைப் பற்றியும் எண்ண வைத்ததோ என்னவோ! அவர் வாதம் எளிது: சாபம் பெற்றவன் கானான், கறுப்பரோ கூஷின் வழியினர், பிறகு எவ்வாறு பொருந்தும்? பொருந்தினாலும், ஆண்டவனின் சாபத்தை நிறைவேற்றும் வேலையை உமக்குக் கொடுத்தவர் யார்? யோசேப்பை அவன் அண்ணன்மார் விற்றனர். விற்கும் உரிமை அவர்களுக்கு உண்டா? மனிதனைத் திருடி விற்பவனுக்கு மோசேயின் சட்டத்தில் மரண தண்டனை என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். வெள்ளையரும் கறுப்பரும் கலந்து வாழ முடியாது என்ற எண்ணம் சூவலிடமும் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

அவரை எதிர்த்து 1701-இல் மறுப்பு எழுதியவர் ஜான் சாஃபின், அவரும் ஒரு நீதிபதி; அடிமை வைத்திருந்தவர். அவர் ஆதாம் என்னும் அடிமையை ஏழாண்டுக் குத்தகைக்கு விட்டு, ஒழுங்காக உழைத்தால் விடுதலை தருவதாக எழுதிக் கொடுத்திருந்தார். ஏழாண்டு முடிந்ததும் இவன் ஒழுங்காக உழைக்கவில்லை என்று வாக்கை மாற்றினார். ஆதாம் சீட்டை எடுத்துக்கொண்டு சூவல் வீட்டுக்கு நடந்தான். வேத விளக்கப் போர் என்று வெளிக்குத் தோன்றியதன் அடியில் கிடந்தது ஒரு கூலிக் கணக்கு. வழக்கு இழுத்து இழுத்து 1703-இல் முடிந்தது. ஆதாம் விடுதலை பெற்றான். முதல் மனிதனின் பெயரைத் தாங்கியவன் தான் மனிதன் என்று மெய்ப்பிக்க இரண்டு ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது.

பருத்தி பெருகப் பெருக, வசனமும் பெருகிற்று. 19-ஆம் நூற்றாண்டில் தென் மாநிலங்களின் மேடைதோறும் காமின் சாபம் முழங்கியது. மேடையில் கேட்ட அடிமைகள் ஊமைகளாய் இருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஜார்ஜியாவில் சார்லசு கால்காக் ஜோன்சு என்னும் பிரசுபிட்டேரியன் குரு, அடிமைகளுக்குச் சமயம் கற்பிப்பதையே தொண்டாகக் கொண்டவர். தமக்கு நேர்ந்ததை ஓர் அறிக்கையில் தாமே எழுதுகிறார். பவுல் அடிகள் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து அவர் பேசினார். ஒநேசிமு என்னும் அடிமையைச் சிறையிலிருந்த பவுல் அவன் எசமானனாகிய பிலேமோனிடமே திருப்பி அனுப்பினாரே, ஆகவே ஓடிப்போவது பாவம் என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து நடந்துவிட்டனர். எஞ்சியோரில் சிலர், அப்படி ஒரு கடிதமே வேதத்தில் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். எழுத்தறியா மக்கள், ஏட்டில் அது இருந்தது. ஆயினும் அவர்கள் சொன்னதில் ஒரு நீதி உண்டு. ஒநேசிமுவை இனி அடிமையாக அன்று, உடன்பிறந்தானாகவே ஏற்றுக்கொள் என்றுதான் அக்கடிதம் கேட்கிறது. அந்த வரி மேடையில் வரவில்லை. தப்பி வந்த அடிமையை எசமானனிடம் ஒப்படைக்காதே என்னும் உபாகமத்தின் கட்டளையும் வரவில்லை.

மேடையில் விட்டுவிட்டால் போதுமா? ஏட்டிலேயே விட்டுவிட்டனர். 1807-இல், பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடை செய்த அதே ஆண்டில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று தனியே பொறுக்கி எடுத்த வேதாகமம் இலண்டனில் அச்சாயிற்று. முழு வேதாகமத்தில் அதிகாரங்கள் 1,189. இதில் இருந்தவை 232. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்டுப் பணிந்து உழைத்து உயர்ந்த கதை இருந்தது. எகிப்திலிருந்து மோசே தம் மக்களை மீட்டுச் செங்கடலைக் கடந்த கதை இல்லை. எசமானர்க்குக் கீழ்ப்படிக என்று எபேசியருக்கு எழுதியது இருந்தது. அடிமையென்றும் சுதந்தரன் என்றும் கிறிஸ்துவில் வேறுபாடில்லை என்று கலாத்தியருக்கு எழுதியது இல்லை. நாத்திகர் எவரும் அந்த ஏட்டின்மீது இத்தனை ஆழமாகக் கத்தி வைத்ததில்லை. வைத்தவர்கள் அதைக் கடவுளின் வாக்கு என்று நம்பியவர்கள்!

அன்றாட வாழ்வில் எழுந்த கேள்விகளோ இன்னும் கொடியவை. சபையில் முறைப்படி மணந்த அடிமைக் கணவனை எசமானன் தொலைநாட்டுக்கு விற்றுவிட்டான். மனைவி இங்கே. அவள் மறுமணம் செய்தால் விபசாரமா? செய்யாவிட்டால் பண்ணைக்குப் பிள்ளைகள் ஏது? 1835-இல் சவானா ஆற்றுப் பாப்திஸ்து சபைகளின் கூட்டத்தில் இக்கேள்வி வந்தது. கூடிய பெரியவர்கள், விற்கப்பட்டவன் இறந்தவனுக்கு ஒப்பானவன், ஆகவே மறுமணம் பாவமன்று என்று முடிவு கூறினர். கணவன் ஏதோ ஓர் ஊரில் பருத்தி பறித்துக்கொண்டு உயிரோடிருக்கிறான். சபையின் ஏட்டில் அவன் செத்துவிட்டான். இதைத் தீர்ப்பாக எழுதியவர்களுக்கு, விற்றவனைச் சபையைவிட்டு நீக்குவோம் என்று எழுத மட்டும் கை வரவில்லை.

பிரடெரிக் டக்ளசு இதே மண்ணில் அடிமையாகப் பிறந்தவர். 1832-இல் தம் எசமானன் தாமசு ஆல்டு மெதடிஸ்துக் கூட்டமொன்றில் மனமாற்றம் பெற்றபோது, இனிக் கருணை பிறக்கும் என்று நம்பியதாக எழுதுகிறார். பிறந்தது வசனம். ஊனமுற்ற ஓர் அடிமைப் பெண்ணைக் கட்டிவைத்து அடித்துக்கொண்டே, எசமானன் சித்தம் அறிந்தும் செய்யாதவன் பல அடிகள் படுவான் என்று லூக்கா நற்செய்தியின் கருத்தை அவன் ஒப்புவித்தானாம். 1845-இல் வெளியிட்ட தன் வரலாற்றில் சாபக் கதைக்கும் டக்ளசு ஒரு விடை வைத்தார். அவர் சொன்னதன் சாரம் இது: காமின் வழிவந்தவரையே அடிமையாக்கலாம் என்று வேதம் சொல்வதாக வைத்துக்கொள்வோம், எங்களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வெள்ளைத் தந்தையர்க்குப் பிறக்கிறோம், விரைவில் உங்கள் அடிமை முறை உங்கள் வேதத்துக்கே விரோதமாகிவிடுமே! சட்டசபை 1662-இல் செய்த சட்டத்துக்கு இதைவிடக் கூரிய மறுப்பு எவரும் எழுதவில்லை என்பது நம் கருத்து.

ஏட்டை முழுதும் படித்தவர்கள் வேறு முடிவுக்கும் வந்தனர். சார்லசுடன் நகரில் டென்மார்க் வீசி என்னும் தச்சர், பரிசுச் சீட்டில் விழுந்த பணத்தால் தம் விடுதலையை வாங்கியவர், யாத்திராகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார். 1822-இல் அவரையும் சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டனர். அவர்கள் கூடிய கறுப்பர் கோயிலை இடித்தனர். அச்சபையின் வழியில் வந்த இம்மானுவேல் கோயிலில்தான் 2015 சூன் 17 இரவு, வேதபாடத்துக்குக் கூடியிருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை வெறியன் சுட்டுக் கொன்றான். அவனையும் அவர்கள் அருகே அமர வைத்துப் பாடம் படித்திருந்தனர்.

சபைகளே பிளந்தன. அடிமை வைத்திருந்த ஓர் ஆயரைப் பற்றிய வழக்கில் 1844-இல் மெதடிஸ்துச் சபை இரண்டாயிற்று. அடிமை முதலாளிகள் சமயப் பரப்புநராகலாமா என்ற கேள்வியில் பிரிந்து, 1845-இல் தென்னகப் பாப்திஸ்து மாநாடு தனியே எழுந்தது. 1861 மார்ச்சு 21 அன்று சவானாவில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்சு, தம் புதிய அரசின் மூலைக்கல்லே கறுப்பன் வெள்ளையனுக்குச் சமமல்லன் என்பதுதான் என்றார். இயற்கையாலோ கானான்மீது விழுந்த சாபத்தாலோ அவன் அந்த நிலைக்கே தகுந்தவன் என்றார். குடிமயக்கம் தெளிந்து எழுந்த ஒரு கிழவர் சொன்ன சொல், ஓர் அரசின் கொள்கையாக நின்றது. நான்காண்டுப் போரில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர் மாண்டனர். 1865-இல் அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது.

சாபம் அதோடு ஓய்ந்ததா என்றால், அது ஆடை மாற்றிக்கொண்டது. எகிப்தின் பழம்பெருமையைக் கண்ட ஐரோப்பியர், காமின் மக்கள் இழிந்தவர் என்ற கதையைத் திருப்பிப் போட்டு, ஆப்பிரிக்காவில் சிறப்பாக எது இருந்தாலும் அது வடக்கிலிருந்து வந்த வெளுத்த 'காமிய' இனத்தாரின் படைப்பு என்றனர். 1863-இல் ஸ்பீக் என்னும் ஆங்கிலேயர் இக்கற்பனையை ஏரி நாடுகளின்மேல் ஏற்றினார். பெல்ஜிய ஆட்சியும் குருமாரும் உருவாண்டாவில் துத்சிகளைக் காமியர் என்று உயர்த்தி வைத்தனர். பிற்காலத்தில் ஊத்து வெறியர் அதே கதையைக் கொண்டு துத்சிகளை வந்தேறிகள் என்றனர். 1994-இல் ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு இலட்சம் பேர் வரை கொல்லப்பட்டனர். அவர்களில் பலர் அடைக்கலம் தேடி ஓடிய கோயில்களுக்குள்ளேயே.

மன்னிப்புகளும் வந்தன. தென்னகப் பாப்திஸ்து மாநாடு, தான் பிறந்ததற்குக் காரணமான பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டது 1995-இல். பார்படோசுத் தோட்டத்தையும் மார்பில் சுட்ட எழுத்தையும் நினைவுகூர்ந்து ஆங்கிலத் திருச்சபையின் பேரவை மன்னிப்புக் கேட்டது 2006-இல். மன்னிக்க வேண்டியவர் எவரும் அப்போது உயிரோடில்லை. 1833-இன் விடுதலைச் சட்டத்தின்கீழ் பிரித்தானிய அரசு இரண்டு கோடி பவுன் நட்ட ஈடு கொடுத்ததே, அது எசமானர்களுக்கு. அச்சங்கமும் தன் பங்கைப் பெற்றுக்கொண்டது. அடிமைகளுக்கு ஒரு செப்புக்காசும் இல்லை.

அந்த வெட்டுண்ட வேதாகமத்தின் படிகள் இன்று உலகில் மூன்றே எஞ்சியிருப்பதாகத் தெரிகிறது. அவற்றுள் ஒன்று அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகளின் மக்கள் படிப்பதற்கென்று 1866-இல் தொடங்கப்பட்ட கல்விக்கூடம் அது. பணமின்றி அது மூடப்படும் நிலை வந்தபோது, மாணவர் சிலர் 1871-இல் குழுவாகப் புறப்பட்டு, தம் பெற்றோர் பண்ணைகளில் பாடிய பாடல்களை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பாடிப் பொருள் திரட்டினர். அப்பணத்தில் ஒரு பெரிய மண்டபமும் எழுந்தது. அவர்கள் பாடியவற்றுள் ஒன்று, மோசே பார்வோனிடம் சென்று தம் மக்களை விட்டுவிடச் சொன்ன கதை. 1807-இன் ஏட்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட பகுதி அது.